நன்கொடையில் வரும் வயலின் செட்: உப்புக் காற்றுக்குத் தாங்குமா?

பெட்டிக்குள் இருப்பவை: ஒரு வயலின், ஒரு வில், வில்லின் முடியில் தேய்க்கும் பிசினான ரோசின் ஒரு வட்டு, சில செட்டுகளில் ஒரு தோள் தாங்கி. பெட்டி ஸ்பாஞ்ச் வைத்தது, ஜிப் போட்டது. பெரும்பாலும் சீனத் தயாரிப்பு, விலை ஐயாயிரம் ஆறாயிரம் ரூபாய் வட்டாரத்தில். நம் ராமநாதபுரம் கடலோரத்தில், தொண்டியிலோ கீழக்கரையிலோ மண்டபத்திலோ பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச இசை வகுப்பு, சின்ன ஆர்கெஸ்ட்ரா என்று பேச்சு எழுந்தால் நன்கொடையாளர் முதலில் வாங்கித் தர நினைப்பது இந்தச் செட்டைத்தான். இருபது பெட்டியை வரிசையாக அடுக்கி ஒரு போட்டோ எடுத்தால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். இரண்டாம் வருஷம் அந்த இருபதில் எத்தனை சுருதி நிற்கும் என்பதை வைத்துத்தான் இங்கே மதிப்பெண்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். மரம் மோசமில்லை. ஒட்டுப்பலகையில் செய்த செட்டைத் தவிர்த்தால் போதும். மேல்பலகையில் f வடிவில் இருக்கும் எஃப் துளையின் விளிம்பில் வெளிச்சம் காட்டிப் பார்த்தால் பலகை அடுக்கடுக்காக இருக்கிறதா, ஒரே மரமா என்று தெரிந்துவிடும். தந்திகளின் அடிமுனையைப் பிடிக்கும் டெயில்பீஸில், நான்கு தந்திக்கும் சுருதியை நுணுக்கமாகச் சேர்க்கும் ஃபைன் ட்யூனர் வைத்தே வருகிறது, சிறு கைகளுக்கு அது பெரிய உதவி. முழு அளவு, முக்கால், அரை, கால் என எல்லா அளவும் கிடைக்கிறது. அளவெடுக்க டேப் போதும்: இடது கையை நேராக நீட்டச் சொல்லி, கழுத்திலிருந்து உள்ளங்கை நடு வரை அளக்க வேண்டும். 23 அங்குலம் வந்தால் முழு அளவு, 22 என்றால் முக்கால், 20 என்றால் அரை. இரண்டுக்கும் நடுவில் நின்றால் சின்னதையே கொடுங்கள். "வளர்ற பிள்ளைதானே, பெருசா வாங்கிருவோம்" என்று யூனிஃபார்ம் தைக்கிற கணக்கில் வாங்கினால், மணிக்கட்டு மடங்கி வாசிக்கும் கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். அதைப் பிறகு பிரித்தெடுப்பது லேசில்லை.

குறை என்றால், பெட்டியிலிருந்து எடுத்தபடியே வாசிக்க முடியாது. தந்திகளைத் தாங்கி நிற்கும் பிரிட்ஜ் தடிமனாக, செதுக்காமல் வரும். தந்தி பலகையை விட்டு உயரத்தில் நிற்கும். பத்து வயசுப் பிள்ளை விரலால் அழுத்தினால் வலிக்கும், மூன்றாம் வாரம் வகுப்புக்கு வராது. விரல் அழுத்தும் பலகையான ஃபிங்கர்போர்டின் பிரிட்ஜ் பக்க நுனியில், மெல்லிய இ தந்திக்கு அடியில் மூன்று மூன்றரை மில்லிமீட்டர், தடித்த ஜி தந்திக்கு அடியில் ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் சரி. கழுத்து முனையில் தந்தி உட்காரும் நட்டின் பள்ளமும் ஆழமாக்கப்படாமல் இருக்கும். இரண்டையும் தெரிந்தவர் கையால் சரிசெய்ய ஒரு கருவிக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். இந்தக் கூலியை நன்கொடைக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை. எழுதாவிட்டால் அந்தச் செட் பாதி விலைக்குக்கூடப் பெறாது.

இனி நம் ஊர்க் காற்று. உப்புத் துகள் காற்றில் ஈரம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினாலே தண்ணீரை இழுத்துத் தானே கரைய ஆரம்பிக்கும். தந்தியின் மேல் படிந்த உப்பும் அப்படித்தான். வெறும் இரும்புக் கம்பியான இ தந்திதான் முதலில் போகும். முதலில் மினுக்கம் குறையும், பிறகு விரல் படும் இடங்களில் மணல் மணலாகச் சிவப்புப் புள்ளி, ஒரு நாள் சுருதி சேர்க்கும்போது படீர். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் தென்கடல் ஓரத்து ஊர்களிலும், வாடை அடிக்கிற மாதங்களில் வடகடல் ஓரத்திலும் இது இன்னும் வேகமாக நடக்கும். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் தந்தியை அடியும் மேலுமாகத் துடைப்பதுதான் மருந்து. ரோசின் பொடியும் உப்பும் சேர்ந்து கட்டியாகிவிட்டால் துணிக்கு அசையாது. பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, நிறம் மாறும்போது சூடு காட்டி உலர்த்தித் திரும்ப வைக்கலாம். ஜிப்பின் கைப்பிடி இறுகிப்போனால் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடுங்கள். அது உடைந்தால் பெட்டியைக் கயிற்றால் கட்டித் தூக்க வேண்டியதுதான்.

தந்தியை முறுக்கும் திருகாணியான பெக் இரண்டாவது தலைவலி. கருங்காலிக்குப் பதில் சாயம் பூசிய மென்மரம். ஐப்பசி கார்த்திகை மழையில் ஈரம் குடித்து உப்பி இறுகும், பங்குனி வெயிலில் சுருங்கி வழுக்கும். இறுகியதைக் குறடு போட்டுத் திருப்பினால் கழுத்துப்பெட்டியே பிளக்கும். வெளியே இழுத்துத் தளர்த்தி, தேய்மானம் விழுந்த இடத்தில் சாக்பீஸும் காய்ந்த சோப்பும் மாறி மாறித் தடவினால் பிடிப்பும் வரும், சுழற்சியும் வரும். சோப்பு அதிகமானால் வழுக்கும், சாக்பீஸ் அதிகமானால் கரகரக்கும்.

தந்தி மாற்றும்போது நான்கையும் சேர்த்துக் கழற்றக் கூடாது. கழற்றினால் பிரிட்ஜ் விழும், அதோடு உள்ளே இ தந்திப் பக்கம் பிரிட்ஜின் காலுக்குச் சற்றுப் பின்னால் நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற குச்சியும் சாய்ந்துவிடலாம். உள்ளே ஏதோ உருள்கிற சத்தம் கேட்டால் அதுதான். அந்த நிலையில் தந்தியை முறுக்கினால் மேல்பலகை அமுங்கி விரிசல் விடும். ஒன்றைக் கழற்றி, புதியதை மாட்டி, பிறகுதான் அடுத்தது. மேல்பலகை விளிம்பில் ஒட்டு விட்டுப்போனால் ஃபெவிக்விக் பக்கம் போகவே வேண்டாம். வயலின் பிற்பாடு பிரிக்கிற மாதிரித்தான் ஒட்டப்பட வேண்டும். மூடிய வேன் வண்டிக்குள் உச்சிவெயிலில் கருவியை விட்டுவைப்பதுதான் இந்த ஒட்டு விடுவதற்கு முக்கியமான காரணம்.

வில்லுக்கு இந்தச் செட்டில் பாஸ் மார்க் கிடையாது. மரக்குச்சி ஈரத்தில் வளையும், குதிரைமுடி நீளும், பிள்ளைகள் முறுக்கிக்கொண்டே போவார்கள், காற்று காய்ந்ததும் முடி சுருங்கி முனை ஒடியும். மாதக்கணக்கில் திறக்காத பெட்டியில் சின்னப் பூச்சி முடியைத் தின்னும். திறந்ததும் நாலைந்து முடி தானாக உதிர்ந்து கிடந்தால் பெட்டியை வெயிலில் காயவைத்து ஸ்பாஞ்சைச் சுத்தம் செய்ய வேண்டும். மறுமுடி கட்டும் கூலியும் அனுப்பும் செலவும் சேர்த்துப் பார்த்தால் புது ஃபைபர் வில் வாங்குவதே பெரும்பாலும் மலிவு. நன்கொடையாளரிடம் ஆரம்பத்திலேயே ஃபைபர் வில் கேட்டு வாங்குங்கள்.

இருபது பிள்ளைகளுக்கு ஒரு வருஷத் தேவையை இப்படிப் போடலாம். இ தந்தி மூன்று மாதத்துக்கு ஒன்று, ஆக 80. மற்ற மூன்றும் வருஷத்துக்கு ஒருமுறை, ஆக 60. ரோசின் இருவருக்கு ஒன்று. கைவசம் இரண்டு வயலின், மூன்று வில், ஆறு பிரிட்ஜ். இதற்கு மேல் ஆசிரியர் சம்பளம், அவர் வந்துபோகும் பஸ் காசு, பிள்ளைகளுக்குச் சுண்டல் டீ. இவற்றில் எதுவும் போட்டோவில் வராது. அதனால்தான் யாரும் கொடுப்பதில்லை, அதனால்தான் வகுப்பு நிற்கிறது. பழைய பாம்பன் பாலம் 1914-ல் திறந்தது. அது நூறு வருஷத்துக்கு மேல் கடலுக்குள் நின்றது இரும்பின் பலத்தால் மட்டுமா, துருவைச் சுரண்டி ஓயாமல் பெயின்ட் அடித்தவர்களாலும்தானே.

பெரிய ஆர்கெஸ்ட்ராக்களின் கணக்கும் வேறு மாதிரி இல்லை. அமெரிக்காவில் டிக்கெட் வசூல் செலவில் பாதியைக்கூட எட்டுவதில்லை. பள்ளி நிகழ்ச்சியும் இளைஞர் ஆர்கெஸ்ட்ராவும் நன்கொடையில்தான் ஓடுகின்றன. அங்கே பெரிய தொகையை வைப்பு நிதியாகப் போட்டு, ஆண்டுக்கு நான்கைந்து சதவீதம் மட்டும் எடுத்துச் செலவழிக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலஸ் ஃபில்ஹார்மோனிக் 2007-ல் தொடங்கிய இளைஞர் ஆர்கெஸ்ட்ரா பிள்ளைகளுக்குக் கருவியும் பாடமும் இலவசம். இங்கிள்வுட்டில் ஒரு பழைய வங்கிக் கட்டடத்தை மாற்றி 2021-ல் திறந்த அவர்கள் மையம் கொடையளித்த குடும்பத்தின் பெயரிலேயே இருக்கிறது. சென்னையில் ஏ.ஆர். ரஹ்மானின் அறக்கட்டளை நடத்தும் சன்ஷைன் ஆர்கெஸ்ட்ராவிலும் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. இங்கும் கருவியைவிட ஆசிரியர்தான் செலவு. நமக்கு இது புதிதும் அல்ல. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் வயலின் கற்க வழி செய்த மணலி முதலியார் ஏற்பாடு செய்து கொடுத்தது ஆசிரியரை. பிறகு பாலுஸ்வாமியை ஆதரித்தது எட்டயபுரம் சமஸ்தானம். நம் ராமநாதபுரம் சமஸ்தானமும் வித்வான்களின் அடுப்பெரிய வழி பார்த்துத்தான் பேர் வாங்கியது.

ஆகவே செட் வாங்கித் தருகிறேன் என்று வருபவரிடம் இருபதுக்குப் பதில் பன்னிரண்டு கேளுங்கள், மீதிப் பணத்தைப் பராமரிப்புக்கும் ஆசிரியருக்கும் என்று எழுதி வாங்குங்கள். "பொது நோக்கத்துக்கு" என்று ரசீதில் ஒரு வரி இருந்தால் தந்தி வாங்க யாரையும் கெஞ்ச வேண்டாம். பழைய வரி முறையில் இருப்பவருக்குத்தான் 80ஜி என்று சொல்லப்படும் நன்கொடை வரிச் சலுகை, அதுவும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கிடையாது. பணமாக இல்லாமல் வயலினாகக் கொடுத்தாலும் கிடையாது. இது தெரிந்தால் பலர் பெட்டிக்குப் பதில் காசோலையே தருவார்கள்.

கீழக்கரை, பெரியபட்டினம் ஆட்களில் துபாய், சிங்கப்பூர் உறவு இல்லாத வீடு குறைவு. அங்கிருந்து வரும் பணத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் மச்சான் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட மாமா அனுப்பினால் ஆகும். அப்போது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்.சி.ஆர்.ஏ.) பதிவோ முன் அனுமதியோ வேண்டும், பணம் டெல்லியில் குறிப்பிட்ட ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்கில்தான் இறங்க வேண்டும். வங்கிக் கணக்கு எண்ணை வாட்ஸ்அப்பில் போடுவதற்கு முன் பாஸ்போர்ட்டைக் கேட்டுவிடுங்கள். கூச்சப்பட்டால் பின்னால் அறக்கட்டளை மாட்டும்.

கம்பெனி தன் சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணம் என்றால் அறக்கட்டளைக்கு சி.எஸ்.ஆர்.-1 பதிவு முதலில் இருக்க வேண்டும். "நிர்வாகச் செலவு ஐந்து சதவீதத்துக்கு மேல் தர மாட்டோம்" என்று சொல்லி ஆசிரியர் சம்பளத்தை வெட்டப் பார்ப்பார்கள். அந்த உச்சவரம்பு கம்பெனியின் சொந்த நிர்வாகச் செலவுக்கு. வகுப்பெடுக்கும் ஆசிரியரின் சம்பளம் திட்டச் செலவு. ஒரு வருஷத் திட்டமாக எழுதாமல் தொடர் திட்டமாக எழுதச் சொல்லுங்கள். தொடங்கும் ஆண்டைத் தவிர இன்னும் மூன்று நிதியாண்டு வரை அதை நீட்டலாம். ஒரு பிள்ளை அரை அளவிலிருந்து முழு அளவுக்கு வந்து சேரக் கிட்டத்தட்ட அவ்வளவு காலம் ஆகும்.

மதிப்பெண் என்று கேட்டால் வயலினுக்கு ஐந்துக்கு மூன்று, பெட்டிக்கு இரண்டு, வில்லுக்கு ஒன்று. வயலினைவிடப் பெரிய செலோவும் சேர்த்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் முதலில் அதை வைக்க உப்புக் காற்று படாத அறை இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்டரை மழைக்காலத்தில் போடாமல் ஜனவரியில் போட்டால் பிரிட்ஜ் செதுக்க இரண்டு மாதம் கிடைக்கும். ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும், பள்ளி விடுமுறையும் கூடவே வரும். பிள்ளைகள் பகல் முழுக்க வீட்டில் இருப்பார்கள், வீட்டில் காசு இருக்காது. அந்த 61 நாளுக்கான பஸ் காசை முன்கூட்டியே ஒதுக்கிவிட்டுப் பெட்டியைத் திறங்கள்.