78,500 ரூபாய்க்குப் பூட்டிய தண்ணீர்ப் பம்ப்: கேம்பர் வேன் வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பழைய சிறிய பஸ்களை வாங்கி, படுக்கை, அடுப்பு, சிங்க், ஷவர் என்று எல்லாம் பொருத்தி, அறுகம்பைக்கும் பாசிக்குடாவுக்கும் போகிற பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறவர்கள் சிலராவது இருக்கிறோம். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். என் கையை விட்டுப் போனது 78,500 ரூபாய். அது எப்படிப் போனது என்பது நேற்று மாலைதான் முழுமையாகத் தெரியவந்தது என்பதால், எழுத்தில் சூடு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வண்டியின் தண்ணீர் அமைப்பில் கோளாறு வந்தால் எதை முதலில், எதை அடுத்துச் சோதிக்க வேண்டும் என்பதைப் பதிவின் முடிவில் படிப்படியாகத் தருகிறேன்.

எங்கள் வண்டியில் தண்ணீர் ஓடும் முறை ஒன்றும் சிக்கலானதல்ல. அடித்தட்டுக்குக் கீழே 100 லீற்றர் தாங்கி. அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் மேலே ஏறி, சிறிய வடிகட்டிக் கிண்ணம் ஒன்றின் ஊடாக, இருக்கைக்கு அடியிலுள்ள 12 வோல்ட் பம்புக்கு வருகிறது. அங்கிருந்து சிங்குக்கும் ஷவருக்கும் போகிறது. குழாயைத் திறந்தால் அழுத்தம் குறைந்து பம்ப் தானாக ஓடும், பூட்டினால் அழுத்தம் ஏறித் தானாக நிற்கும். பருவம் தொடங்கிய பிறகு ஒரு கோளாறு வந்தது. தாங்கி நிறைந்திருக்கும்போது ஒழுங்காக வந்த தண்ணீர், பாதிக்குக் கீழே இறங்கியதும் விட்டு விட்டுத் துப்பத் தொடங்கியது. குழாயைப் பூட்டிய பிறகும் பம்ப் சில வேளைகளில் நிற்காமல் ஓடிக்கொண்டேயிருந்தது.

இந்த வேலைக்கென்று தனியாக ஒரு கடை நம் பக்கத்தில் இல்லை. ஆகவே வாகன மின்சார வேலையும் சூரிய மின்கல வேலையும் சேர்த்துச் செய்கிற ஒரு கடைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். பெயர் சொல்ல மாட்டேன், ஊரும் சொல்ல மாட்டேன். முன்பக்கம் கண்ணாடி போட்ட, வெளிநாட்டுப் பெட்டிகளை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிற கடை என்பது போதும்.

கடைக்காரர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டு, இருக்கச் சொல்லி, தேநீர் எடுப்பித்தார். பிறகு தாமே வண்டிக்குள் ஏறிக் குழாயைத் திறந்தார். கண்ணை மூடிக்கொண்டு பம்பின் ஓசையைக் கேட்டார். ஒரு நிமிடம்கூட இருக்காது, “டயபிரம் போயிட்டுது தம்பி, சத்தத்திலேயே தெரியுது” என்றார். டயபிரம் என்பது பம்புக்குள் அசைந்து தண்ணீரை இழுத்துத் தள்ளும் ரப்பர் சவ்வு. பம்பைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனவர், சற்று நேரத்தில் கிழிந்த கறுப்பு ரப்பர் சவ்வு ஒன்றை உள்ளங்கையில் விரித்துப் பிடித்தபடி வெளியே வந்து, கிழிசலை நகத்தால் விலக்கிக் காட்டினார். “இதோட ஓடினா ஒரு நாளைக்கு மோட்டரும் எரியும். குழந்தை குட்டியோட போற ஆக்களை நடுவழியில விடப் போறீங்களா?” என்று அவர் கேட்டபோது, அந்தக் குரலில் இருந்த அக்கறையைச் சந்தேகிக்க எந்தக் காரணமும் இருக்கவில்லை. கண்ணெதிரே கிழிந்த ரப்பர். காட்டுகிறவரோ பல வருடமாகக் கடை நடத்துகிறவர். அந்த ரப்பர் என் பம்பிலிருந்து வந்ததுதானா என்று கேட்கும் எண்ணம் எந்த மனிதருக்கு வரும்?

கணக்கை வாயால்தான் சொன்னார். கேம்பர் வேனுக்கென்றே வெளிநாட்டில் செய்த புதிய பம்ப் 46,000, தண்ணீர் சீராக வர ஓர் அழுத்தக் குடுவை 18,500, புதிய வடிகட்டி 6,000, கூலி 8,000. மொத்தம் 78,500 ரூபாய். ஆறு மாத வொரண்டி என்றும் சொன்னார். பணத்தை எண்ணிக் கொடுத்த பிறகு கிடைத்த சீட்டில் ‘தண்ணீர் வேலை 78,500’ என்ற ஒரே வரிதான் இருந்தது. பொருளின் பெயரும் இல்லை, மாதிரி இலக்கமும் இல்லை, வொரண்டியும் இல்லை. விபரமாக எழுதித் தாருங்கள் அண்ணன் என்று கேட்டதற்கு, “எங்களுக்குள்ள என்ன தம்பி சீட்டு, நான் எங்க ஓடப் போறன்” என்று சிரித்தார். பழைய பம்பைக் கட்டாயம் கேட்டு வாங்கி வரும்படி என் மனைவி முன்கூட்டியே சொல்லியிருந்ததால் அதைக் கேட்டேன். கடைக்காரர் உள்ளே தொலைபேசியில் இருந்தார். வேலைக்கு நின்ற பையன் எதுவும் யோசிக்காமல் ஒரு பையில் போட்டுத் தந்துவிட்டான். அந்தப் பையன் அன்று செய்த உதவி அவனுக்கே தெரியாது.

அடுத்த வாடகைக்கு வந்த குடும்பம் பொத்துவிலைத் தாண்டுவதற்குள் அழைத்தது. தாங்கி பாதியானதும் குழாய் பழையபடியே துப்புகிறது. அதற்கும் மேலாக, இதுவரை ஒரு சொட்டுக்கூடக் கசியாத சிங்க் அடி மூட்டுகள் இரண்டும் ஒழுகி, பலகை ஊறி வீங்கிவிட்டது. அவர்களுக்கு வாடகையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தேன். அதை இந்த 78,500இல் நான் சேர்க்கவில்லை.

வண்டியைத் திரும்பக் கொண்டுபோனபோது கிடைத்த பதில்களை வரிசையாகச் சொல்கிறேன். புதுப் பம்பில் காற்று நிற்கும், ஓட ஓடச் சரிவரும் என்றார்கள். ஓடியது, சரிவரவில்லை. பிறகு, பம்பைப் பொருத்திய பாஸ் (கடையின் வேலைக்காரர்) கொழும்புக்குப் போயிருக்கிறார், வந்ததும் பார்ப்பார் என்றார்கள். பாஸ் கொழும்பிலிருந்து வரவேயில்லை. ஆனால் அவர் கடைக்குப் பின்னால் முச்சக்கரவண்டி ஒன்றுக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்ததை நானே கண்டேன். வட்ஸ்அப்பில் அனுப்பிய காணொளிகளுக்கு நீலக் குறி மட்டும் விழுந்தது. கடைசியில் கடைக்காரரே வாய் திறந்தபோது, “நீங்க கிணத்துத் தண்ணி நிரப்பியிருப்பீங்க, கடலோரக் கிணறெல்லாம் உவர், உவர்த் தண்ணிக்கு வொரண்டி இல்லை” என்றார். உன்னிச்சைக் குளத்திலிருந்து வவுணதீவில் சுத்திகரித்து வருகிற நீர் வழங்கல் சபைத் தண்ணீரைத் தவிர வேறெதையும் அந்தத் தாங்கியில் நான் ஊற்றியதில்லை. அதைச் சொன்னதும், “அப்ப அந்தத் தண்ணியில குளோரின் கூட” என்றார். உவர் என்றாலும் வொரண்டி இல்லை, குளோரின் என்றாலும் வொரண்டி இல்லை. இனி மழைத் தண்ணீரைத்தான் ஏந்த வேண்டும் போலும்.

வாழைச்சேனையில் மீன்பிடிப் படகுகளுக்கு மின்சார வேலை செய்கிற ஒரு முதியவரிடம் போகும்படி மச்சான் சொன்னார். பல நாள் படகுகளிலும் இதே 12 வோல்ட் பம்ப்தான் ஓடுகிறது என்பது அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரியும். நேற்றுப் பிற்பகல் அவர் வண்டிக்குள் ஏறியதும் முதலில் கேட்டது ஒரு வாளி. தாங்கியிலிருந்து வரும் குழாயைப் பம்பிலிருந்து கழற்றிவிட்டு, ஒரு துண்டுக் குழாயை மாட்டி, அதன் மறுமுனையைத் தண்ணீர் நிரப்பிய வாளிக்குள் விட்டார். தண்ணீர் நூல் பிடித்தாற்போல வந்தது, துப்பலே இல்லை. “மனே, பம்புக்கு இங்கால ஒரு பிழையும் இல்லை. தாங்கிக்கும் பம்புக்கும் இடையில எங்கயோ காத்து இழுக்குது” என்றார். பிறகு உட்புறம் தெரிகிற குழாய் ஒன்றை இடையில் பொருத்தி ஓடவிட்டபோது, வரிசையாகக் குமிழிகள் ஓடுவதை இருவரும் பார்த்தோம்.

தாங்கியின் வாயிலிருந்த இரும்புக் கிளிப் கடற்காற்றில் துருப்பிடித்துத் தளர்ந்திருந்தது. வடிகட்டிக் கிண்ணத்தின் ரப்பர் வளையமும் நசுங்கி ஒரு பக்கம் விலகியிருந்தது. நீர்மட்டம் இறங்க இறங்கப் பம்ப் கூடுதலான உயரத்துக்குத் தண்ணீரை இழுக்க வேண்டியிருக்கிறது. அப்போது அந்த இடைவெளிகளால் காற்று நுழைகிறது. காற்று கலந்தால் அழுத்தம் போதிய அளவு ஏறாது, அழுத்தம் ஏறாவிட்டால் பம்ப் நிற்காது. தாங்கி நிறைந்திருக்கும்போது ஏன் ஒழுங்காக வந்தது என்பதற்கும் இதுவே விடை. கடைக்காரர் புதிதாகப் போட்ட வடிகட்டி, பம்பிலிருந்து சிங்குக்குப் போகும் பக்கத்தில் இருந்தது. காற்று இழுத்த பழைய கிண்ணத்தை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. புதிய ரப்பர் வளையத்துக்கும் துருப்பிடிக்காத இரண்டு கிளிப்புகளுக்கும் ஆன செலவு 450 ரூபாய். கூலி வேண்டாம் என்றவரிடம் வற்புறுத்தித்தான் கொடுத்தேன்.

அத்துடன் முடிந்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திராது. பையில் கிடந்த பழைய பம்பை அவர் எடுத்து, இரண்டு வயர்களைப் பட்டரியில் தொட்டு, அதே வாளியிலிருந்து ஓடவிட்டார். அருமையாக இழுத்தது. பிறகு ஆணிகளைக் கழற்றித் தலைப்பகுதியைத் திறந்தார். உள்ளே இருந்த சவ்வில் ஒரு கீறல்கூட இல்லை. அதன் வடிவமும் அளவும் கடைக்காரர் உள்ளங்கையில் விரித்துக் காட்டியதோடு பொருந்தவேயில்லை. இப்படிக் காட்டுவதற்கென்றே எங்கிருந்தோ எடுத்த ஒரு கிழிந்த ரப்பரை அவர் கடையில் வைத்திருந்திருக்கிறார். எனக்கு முன்பும் எத்தனை பேருக்கு அது காட்டப்பட்டதோ.

46,000 ரூபாய்ப் பம்பின் கதை இன்னும் மோசம். அதன் மேல் ஒட்டியிருந்த பளபளப்பான ஸ்டிக்கரின் ஓரத்தை முதியவர் நகத்தால் கிளப்பினார். அடியில் இன்னொரு ஸ்டிக்கர். அதில் முதுகில் சுமந்து வயலுக்கு மருந்தடிக்கும் தெளிகருவியின் படம். வெல்லாவெளி, சம்மாந்துறைப் பக்கத்து விவசாயிகள் பட்டரித் தெளிகருவிக்குச் சில ஆயிரம் ரூபாய் கொடுத்து மாற்றுகிற அதே பம்ப்தான் அது. அது குறைந்த தண்ணீரை அதிக அழுத்தத்தில் தள்ளுவதற்காகச் செய்யப்பட்டது. அழுத்தம் ஏறத்தாழ 100 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தை அளக்கும் அலகு) வரை ஏறிய பிறகுதான் நிற்கும். வண்டிக் குழாய்களுக்கான பம்புகள் பெரும்பாலும் அதில் பாதி அழுத்தத்திலேயே நின்றுவிடும். மூட்டுகள் ஒழுகியதற்கும் பலகை வீங்கியதற்கும் காரணம் அதுதான். அழுத்தக் குடுவையின் வால்வை அழுத்திப் பார்த்தார்; காற்றே இல்லை. முன்கூட்டிக் காற்று நிரப்பாத குடுவை வெறும் அலங்காரம்.

குடிதண்ணீருக்கென்று செய்யப்படாத அந்தப் பம்பின் ஊடாக வந்த தண்ணீரில்தான் வாடகைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் பல் துலக்கினார்கள். அது முன்பு மருந்து ஓடிய பம்ப் இல்லை என்று எனக்கு யார் உறுதி தருவது? நேற்று மாலை கடைக்காரரை அழைத்து இதைக் கேட்டேன். “ஸ்டிக்கர் கம்பனி ஒட்டினது தம்பி, எனக்கென்ன தெரியும்” என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தார். அதன் பிறகு என் இலக்கம் தடை செய்யப்பட்டிருக்கிறது. 78,500 ரூபாய்.

சோதிக்கும் முறையைப் படிப்படியாகத் தருவதாக மேலே சொல்லியிருந்தேன். முறைப்பாட்டுக்குப் படங்களும் சீட்டின் பிரதியும் ஆயத்தப்படுத்த வேண்டியிருப்பதால் அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் துப்பினால் வாளிச் சோதனை செய்யாமல் பம்பை மாற்ற எவரையும் விடாதீர்கள். பம்ப் ஓடவே இல்லையென்றால் முதலில் பியூஸைப் பாருங்கள், பிறகு பம்பின் வாயிலேயே வோல்ட் அளந்து பாருங்கள். மெல்லிய வயரில் பாதி வழியிலேயே மின்சாரம் குறைந்துவிடும். குழாய் எல்லாம் பூட்டியிருக்கும்போது பம்ப் இடையிடையே ஓடி ஓடி நின்றால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது, அல்லது தண்ணீர் பின்னால் திரும்பாமல் தடுக்கும் பம்பின் ஒருவழி வால்வு பிடிக்கவில்லை. கழற்றிய பொருள் எதுவானாலும் உங்கள் கண்முன்னே திறக்கச் சொல்லுங்கள், கையோடு வாங்கி வாருங்கள். புதிய பம்பின் ஸ்டிக்கரை நகத்தால் கிளப்பிப் பாருங்கள். மருந்தடிக்கும் பம்பைக் குடிதண்ணீருக்குப் பூட்டாதீர்கள்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டுத் தரவேண்டியது வியாபாரியின் கடமை. இன்று காலை பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசிவிட்டேன். இரண்டு ஸ்டிக்கர்களும், கீறல் இல்லாத பழைய சவ்வும், ஒரு வரிச் சீட்டும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. முறைப்பாடு முடியும் வரை கடையின் பெயரைக் கேட்டு யாரும் அழைக்க வேண்டாம். இதே கடையில் கிழிந்த ரப்பர் ஒன்றைக் காட்டி உங்களிடமும் பணம் வாங்கியிருப்பார்களென்றால், சீட்டைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு அதே 1977க்கு நீங்களும் அழையுங்கள்.