ஒகேனக்கலா, கிருஷ்ணகிரி அணையா, அவலாஞ்சியா? ஃபிளை தூண்டிலுக்கு எந்த மாதம் எந்தத் தண்ணீர்

இறகும் நூலும் கொண்டு பூச்சி போலக் கட்டிய முள்ளை (அதுதான் ஃபிளை) வீசி மீன் பிடிக்கும் ஃபிளை ஃபிஷிங்கைப் பழக ஆசைப்படும் நம் பக்கத்துப் பையன்கள் முதலில் யூடியூபைத்தான் பார்க்கிறார்கள். ஏப்ரலில் இந்தப் பூச்சி, மே கடைசியில் அந்தப் பூச்சி, ஒவ்வொன்றுக்கும் ஏற்ற ஃபிளை என்று அங்கே ஒரு நாள்காட்டியே சொல்லித் தருகிறார்கள். இங்கிலாந்துக்கும் அமெரிக்காவின் மொன்டானாவுக்கும் அது சரி. அங்கே குளிர்காலம் போய்த் தண்ணீர் சூடேறும் கணக்கில்தான் ஆற்றடிப் பூச்சிகள் இறக்கை முளைத்து மேலே வருகின்றன. தர்மபுரியில் தண்ணீர் என்றைக்குக் குளிர்ந்தது, புதிதாகச் சூடேற? இங்கே மீன்பிடி நாளைத் தீர்மானிப்பவை வெள்ளமும் கலங்கலும் காற்றும்தான். அந்தக் கணக்கில் பார்த்தால் நம் முன்னால் இருக்கும் தண்ணீர்களில் எது எப்போது தேறும் என்பது வேறு மாதிரித் தெரியும்.

முதலில் ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனை முடித்துவிடலாம், எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். ரெயின்போ ட்ரவுட் வட அமெரிக்காவின் மேற்குப் பக்கத்து மீன். நீலகிரியில் 1860களில் பிரான்சிஸ் டே முயன்று பார்த்தார், நிலைக்கவில்லை. 1907இல் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகுதான் அது அங்கே காலூன்றியது. ட்ரவுட்டுக்குத் தண்ணீர் 10 முதல் 16 டிகிரி வரை இருந்தால் சுகம். 20ஐத் தாண்டினால் இரை எடுப்பது குறையும், 25ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவு: 15 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் கரையும் என்றால் 30 டிகிரியில் ஏழரைதான். ஏற்காட்டு ஏரியிலோ சித்தேரி மலையிலோ ட்ரவுட் விட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு இந்த எண்களே போதும்.

அவலாஞ்சிப் பக்கம் போவதென்றால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நினைக்கவே வேண்டாம். 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய இடம் அது. மழை ஓய்ந்து ஓடை தெளிந்த பிறகும், பிப்ரவரி தொடங்கிக் கோடை மழை வரும் வரையிலும் சுகமான காலம். பூச்சியைப் பார்த்து ஃபிளையைத் தேர்ந்தெடுக்கும் வித்தை தமிழ்நாட்டில் எங்காவது எழுத்துப்படி பலிக்கும் என்றால் அங்கேதான். ஆனால் மீன்வளத்துறை உரிமம், வனத்துறை அனுமதி இரண்டையும் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள் இந்தப் பேச்சே கிடையாது. தர்மபுரியிலிருந்து போய் வர ஒரு நாள் போதாது. என்னைக் கேட்டால் அது சுற்றுலா. பழகுவதற்கான இடம் இல்லை.

சரி, காவிரிக்கு வருவோம்.

ஒகேனக்கலில் வானத்தைப் பார்த்து ஆற்றைக் கணிக்க முடியாது. பென்னாகரத்தில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும், ஆறு பொங்கிக்கொண்டிருக்கும். குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழை கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகளை நிரப்பி வெளியேறி, எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலு வழியாக வந்து சேர்கிறது. ஆகவே இங்கே பூச்சி நாள்காட்டியை விட உருப்படியானது காலைச் செய்தியில் வரும் கன அடிக் கணக்குதான். ஜூலையிலும் ஆகஸ்டிலும் அது லட்சத்தைத் தாண்டிய ஆண்டுகள் உண்டு. அப்போது ஐந்தருவியே கண்ணுக்குத் தெரியாது, பரிசலும் ஓடாது. ஆடிப்பெருக்குக்குக் குளிக்க வந்த கூட்டத்தையே ஆற்றில் இறங்க விடாத நாளில் ஃபிளை தூண்டிலுக்கு என்ன வேலை? புரட்டாசி, ஐப்பசியில் கர்நாடகத்து வெள்ளம் குறையும். ஆனால் வடகிழக்கு மழையில் சின்னாறு செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்து சேரும். கலங்கல் தண்ணீரில் மீன் மோப்பத்தை நம்பித்தான் இரை தேடும். மண்புழு வேலை செய்யும், இறகில் கட்டிய பூச்சி வேலை செய்யாது.

தை பிறந்த பிறகு ஆறு வேறு ஆறாகிவிடும். வரத்து சில ஆயிரம் கன அடிக்கு இறங்கும், பாறைகள் தலைகாட்டும், பாறைகளுக்கு நடுவே தண்ணீர் சலசலத்து ஓடும் முழங்கால் ஆழ இடங்கள் உருவாகும். பூச்சிகளின் குடியிருப்பு அங்கேதான். ஓரத்துக் கல் ஒன்றைப் புரட்டினால் தட்டை உடம்பும் இரண்டு மூன்று வாலுமாக ஒட்டிக்கொண்டு ஓடுவது மே ஃபிளை என்ற நிஜப் பூச்சியின் இளம்பருவம். மணலையும் குச்சியையும் ஒட்டித் தனக்கென்று கூடு கட்டிக்கொண்டிருப்பது கேடிஸ் என்ற பூச்சியின் புழு. அதில் ஒரு வகை, கல்லிடுக்கில் வலை பின்னி ஓடிவரும் இரையைச் சல்லடை போட்டுத் தின்னும். மே ஃபிளைக்கு இறக்கை வந்த பிறகு வாயே வேலை செய்யாது; சில மணி நேரமோ ஓரிரு நாளோ பறந்து, முட்டையிட்டுச் சாகும். குளிர்நாட்டில் ஒரு வகை முழுவதும் சில வாரத்துக்குள் எழும்பி முடித்துவிடும். நம் வெப்பத்தில் அப்படி ஒரு கெடு இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக ஆண்டு முழுக்க எழும்பிக்கொண்டே இருக்கும். ஆகவே எந்தப் பூச்சி இன்று வருகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்ளாமல், பழுப்பு நிறத்தில் 12, 14ஆம் எண் முள்ளில் கட்டிய நிம்ஃப் (பூச்சியின் இளம்பருவம் போன்ற ஃபிளை) ஒன்றைத் தண்ணீர் போகும் வேகத்திலேயே அடியில் உருள விடுங்கள். சிறு கெண்டைகள் வரும். பழக அது போதும்.

காவிரியில் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, முதலை. ஒகேனக்கலில் முதலைப் பண்ணை இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆற்றிலும் இருக்கிறது என்பது சிலருக்கு மறந்துவிடுகிறது. வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நிற்கிற வேலை இங்கே ஆகாது, கரையோரப் பாறையிலிருந்தே வீசுங்கள். இன்னொன்று, சட்டம். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டக் காட்டையும் சேர்த்து 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அந்த எல்லைக்குள் தூண்டில் போடுவது குற்றம். மஹ்சீர் என்ற பெரிய கெண்டை இன மீன் தற்செயலாக மாட்டினால் தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றிவிடுங்கள். 1946இல் கபினி ஆற்றில் 120 பவுண்டு எடையில் பிடிபட்ட இனம், இன்று உலக அளவில் அழிவின் விளிம்பில் இருக்கிறது.

தென்பெண்ணை இதற்கு நேர் எதிர். நந்தி மலையில் பிறந்து, பெங்களூருவின் கழிவைச் சுமந்துகொண்டு ஓசூருக்குள் வருகிறது. கெலவரப்பள்ளி அணையில் நுரை மலையாகப் பொங்கும் படங்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கிருஷ்ணகிரி அணைக்கு வருவதற்குள் தண்ணீர் பச்சையாகிவிடுகிறது. மே ஃபிளையும் கேடிஸும் இந்தத் தண்ணீரைப் பெரும்பாலும் தாங்காது. தாங்குவது சேற்றில் வாழும் செம்புழு. மீன் தொட்டிக் கடையில் விற்கிறார்களே, அதேதான். நம்மைப் போல அதன் உடம்பிலும் ஹீமோகுளோபின் உண்டு, அதனால்தான் அந்தச் சிவப்பு, அதனால்தான் ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் பிழைக்கிறது. அது இறக்கை முளைத்தால் கொசு போல இருக்கும், கடிக்காது. விடியலிலும் அந்தியிலும் கரையில் மேகம் போல மொய்ப்பது அதுதான்.

பூச்சி வகையில் ஏழையான தண்ணீர் என்றாலும், பழகுகிறவருக்கு நான் சொல்வது அணையின் ஓரத்தைத்தான். காரணம் ஜிலேபி மீன், அதாவது திலாப்பியா. 1952இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டு நாடெல்லாம் பரவிவிட்ட வந்தேறி. ஆண் மீன் ஆழமில்லாத ஓரத்தில் குழி பறித்துக் காவல் நிற்கும். குழிக்குள் விழும் சிறு சிவப்பு நிம்ஃபைப் பசி இருக்கிறதோ இல்லையோ கோபத்தில் கவ்வித் துப்பும். கண்ணால் பார்த்து வீசலாம், உடனே தெரிந்துவிடும் வீச்சு சரியா தப்பா என்று. குழம்புக்கு எடுத்துக்கொண்டு போனாலும் ஆற்றுக்கு நஷ்டம் இல்லை. கட்லாவை எதிர்பார்த்து உட்காராதீர்கள், அது தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிரை வடிகட்டித் தின்னும் மீன். அணையின் மீன்பிடி உரிமை யாரிடம் இருக்கிறதோ அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எதுவும்.

மாதம்? மார்கழியும் தையும். அணை நிறைந்திருக்கும், காலையில் காற்று அசையாது. மழைக்காலத்தில் மதகு திறந்து ஆற்றோரத்துக்கு எச்சரிக்கை கொடுத்திருக்கும் நாட்களில் கீழ்ப்பக்கம் போகவே கூடாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை பெய்து தென்பெண்ணை என்ன செய்தது என்று பார்த்தோம். இன்னொரு பகை ஆடி மாதம். அம்மியையே பறக்கவிடும் காற்றில் எடையே இல்லாத ஃபிளையை எங்கே வீசுவது?

இந்த இரண்டு ஆற்றையும் விட்டுவிட்டு ஒரு நாளாவது ஊர் ஏரிக்குப் போக வேண்டும். அது ஈசல் பறக்கும் நாள். சித்திரை, வைகாசியில் இடியோடு முதல் கோடை மழை பெய்து நின்ற அந்தியிலோ மறுநாளோ புற்றிலிருந்து ஈசல் கிளம்பும். ஐப்பசி மழையிலும் ஒரு சுற்று உண்டு. நம் மாவட்டத்தில் தேதி குறித்தாற்போல் கிளம்பும் பூச்சி இது ஒன்றுதான், தேதியைக் குறிப்பது மழை. ஏரியில் விழுந்த ஈசல் இறக்கை ஒட்டிக்கொண்டு தத்தளிக்கும்போது, அதுவரை பாசி மேய்ந்துகொண்டிருந்த ஜிலேபி கூட மேலே வந்து வாய் திறக்கும். வறுத்த ஈசலின் ருசி தெரிந்த நமக்கு மீனின் நியாயம் புரியாதா?

அதற்கு வெளிநாட்டு ஃபிளை எதுவும் வாங்க வேண்டாம். 10ஆம் எண் முள், உடம்புக்குப் பழைய ஹவாய் செருப்பிலிருந்து மெல்லியதாக வெட்டிய பழுப்பு ஸ்பாஞ்சு, உடம்பை விட நீளமாக முதுகோடு படியும்படி சாம்பல் நிறக் கோழி இறகு. ஸ்பாஞ்சு இருப்பதால் நனைந்தாலும் மிதக்கும். கூடவே இறக்கை இல்லாமல் இரண்டு கட்டிவைத்துக்கொள்ளுங்கள். பறத்தல் ஓய்ந்து இறக்கைகள் மட்டும் மேலே மிதக்கும் நேரத்தில் மீன்கள் அடியில் மூழ்கிய உடம்புகளைத்தான் பொறுக்கிக்கொண்டிருக்கும்.