செஸ்னா 172-க்கு ஒரு செலவுக் கணக்கு: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

சொந்தமாகச் சிறு விமானம் வைத்திருப்பவரிடம் எல்லோரும் முதலில் கேட்பது, ‘மணிக்கு எவ்வளவு ஆகும்?’ என்பதைத்தான். 1975-ஆம் ஆண்டில் தயாரான என்னுடைய செஸ்னா 172 எம் விமானத்தை 2017-இல் வாங்கியதிலிருந்து, அதற்கான ஒவ்வொரு செலவையும் கூகுள் ஷீட்ஸ் விரிதாளில் எழுதிவருகிறேன். இவ்வளவு காலம் எழுதிப் பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்டது, அந்தக் கேள்விக்கு ஒற்றை எண்ணால் விடை சொல்லும் எந்தக் கணக்கும் உரிமையாளருக்குப் பயன்படாது என்பதே. விமானம் நிற்பது கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியைச் சேர்ந்த ஒரு ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில். ஆகவே கீழே வரும் தொகைகள் இவ்வட்டாரத்துக்குரியவை. வகுத்தலும் கூட்டலும் எளிதாக இருக்கட்டும் என்று அவற்றை முழு எண்ணாக்கித் தருகிறேன்.

தொடக்கத்தில், விமான உரிமையாளர்களுக்கென்றே வந்த ஒரு சந்தாச் செயலியைப் பயன்படுத்தினேன். பார்வைக்கு நன்றாக இருந்தது, வண்ண வண்ண வரைபடங்களைத் தந்தது. ஆனால் எரிபொருளையும் ஹேங்கர் வாடகையையும் இன்ஜினுக்கான ஒதுக்கீட்டையும் ஒன்றாகக் கூட்டி, பறந்த மணிகளால் வகுத்து ஒரே எண்ணைக் காட்டியதோடு, அந்த வகுத்தலை மாற்றிக்கொள்ளவும் இடம் தரவில்லை. பின்னர் அந்தச் சேவையே நிறுத்தப்பட்டபோது தேதிகளும் தொகைகளும் கைக்கு வந்தன. இணைத்து வைத்திருந்த ரசீதுப் படங்கள் வரவில்லை. விரிதாளில் அழகு குறைவுதான். ஆனால் எந்தச் செலவை எதனால் வகுப்பது என்பதை நானே தீர்மானிக்க முடிகிறது. விமானச் செலவுக் கணக்கில் சாரமே அந்தத் தீர்மானம்தான்.

என் விரிதாளில் மூன்று பக்கங்கள் உண்டு: விமானம் வெறுமனே நின்றாலும் ஆகும் செலவு ஒன்று, பறந்தால் மட்டும் ஆகும் செலவு ஒன்று, இன்று கொடுக்காவிட்டாலும் பின்னாளில் கொடுத்தே தீர வேண்டிய செலவு ஒன்று. முதற்பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் யானையைக் கட்டித் தீனி போடுவது என்ற பேச்சுதான் நினைவுக்கு வரும். ஹேங்கர் வாடகை மாதம் 600 டாலர், காப்பீடு ஆண்டுக்கு 1,500, மாவட்டச் சொத்துவரி 900, கட்டாய ஆண்டுச் சோதனை 1,800, வழிகாட்டி வரைபடச் சந்தா போன்றவை 500 என்று வைத்தால், சக்கரம் உருளாமலேயே ஏறத்தாழ 12,000 டாலர் ஆகிவிடுகிறது. பறக்கும் செலவு இதைவிட மிகவும் சிறியது. இந்த விமானம் மணிக்குச் சுமார் 8 கேலன் குடிக்கிறது. கேலன் 7 டாலர் என்றால் 56 டாலர், எண்ணெயையும் வடிகட்டியையும் சேர்த்தால் 60.

ஆண்டுக்கு 80 மணி பறந்தால் நிலைச்செலவு மட்டுமே மணிக்கு 150 டாலர். 120 மணி பறந்தால் அதுவே 100 டாலர். இதே வகை விமானத்தை இங்கே பயிற்சிப் பள்ளியில் எரிபொருளோடு வாடகைக்கு எடுத்தால் 180 டாலர் அளவில் ஆகும். விமானத்தை வைத்துக்கொள்வதா விற்பதா என்று யோசிக்கும்போது பார்க்க வேண்டியது மூன்று பக்கங்களும் சேர்ந்த சராசரி. வரும் சனிக்கிழமை கடற்கரை ஊரான மாண்டரே வரை போய்வருவதா வேண்டாமா என்று யோசிக்கும்போது பார்க்க வேண்டியது அந்த 60 டாலரையும் ஓரளவு இன்ஜின் தேய்மானத்தையும்தான். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, மூன்று பக்கங்களையும் கூட்டி, ‘மணிக்கு 240 டாலர் ஆகிறதே’ என்று விமானத்தைப் பூட்டியே வைத்திருக்கும் உரிமையாளர்களை எனக்குத் தெரியும். பறக்காமல் இருப்பதால் அவர்கள் மிச்சப்படுத்துவது 60 டாலர், 240 அல்ல.

எந்த மணியால் வகுப்பது என்பதையும் முதல்நாளே முடிவு செய்துவிட வேண்டும். விமானத்தில் இரண்டு கடிகாரங்கள் உண்டு. ஹாப்ஸ் மீட்டர், இன்ஜின் ஓடும் நேரத்தைச் சாதாரணக் கடிகாரம் போலவே எண்ணுகிறது. டேக் மீட்டரோ இன்ஜினின் சுற்று வேகத்தைச் சார்ந்தது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும்போது மெதுவாகவும் உயரத்தில் சீராகப் பறக்கும்போது சரியான வேகத்திலும் நகர்கிறது. ஒரே பயணத்துக்கு டேக் காட்டும் நேரம் வழக்கமாகக் குறைவு. எண்ணெய் மாற்றுவதும் இன்ஜின் ஆயுளைக் கணிப்பதும் டேக்கின்படி நடப்பதால் நானும் அதனாலேயே வகுக்கிறேன். வாடகை விமானங்களுக்குப் பெரும்பாலும் ஹாப்ஸ்படி கட்டணம் வாங்குவதால், ஒப்பிடும்போது மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் சொந்த விமானத்தின் செலவு இருப்பதைவிட அதிகமாகத் தோன்றும்.

மூன்றாம் பக்கத்தில்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருந்தது. இதிலுள்ள லைகமிங் ஓ-320-இ2டி இன்ஜினுக்குத் தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துப் புதுப்பித்தல்) இடைவெளி 2,000 மணி. கழற்றி மாட்டும் கூலியோடு 30,000 டாலர் என்று கொண்டால் மணிக்கு 15 டாலர் ஒதுக்க வேண்டும். பலரும் இவ்வளவோடு விட்டுவிடுகிறார்கள். ஆனால் லைகமிங் அதே பரிந்துரையில் 12 ஆண்டு என்ற காலவரம்பையும் சேர்த்தே சொல்கிறது. வாடகைக்கு விடாத தனியார் விமானத்துக்கு இவ்விரண்டும் சட்டக் கட்டாயமில்லை. இன்ஜின் நலமாக இருக்கும்வரை ஓட்டலாம். இருந்தாலும் காலவரம்பு வெறும் எழுத்தல்ல. இந்த இன்ஜின்களில் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் தண்டு மேற்பகுதியில் இருப்பதால், வாரக்கணக்கில் ஓடாமல் நிற்கும்போது எண்ணெய் வழிந்து கீழே இறங்கி, கேம் வெறும் உலோகமாக ஈரக்காற்றில் நின்று துருப்பிடிக்கிறது. கொஞ்சமாகப் பறப்பவரின் இன்ஜினை மணிக்கணக்கைவிட ஆண்டுக்கணக்கே முதலில் தின்கிறது.

ஆகவே என் விரிதாளில் இரண்டு கணக்கும் ஓடுகின்றன. 12 ஆண்டுக்கு வகுத்தால் ஆண்டுக்கு 2,500 டாலர். 100 மணி பறந்தாலும் மணிக்கணக்கில் 1,500-தான் வருகிறது. எது பெரிதோ அதையே தனி வங்கிக் கணக்கில் போடுகிறேன். கட்டத்தில் எண்ணை மட்டும் எழுதிவைத்துப் பணத்தை ஒதுக்காமல் விடும் ஒதுக்கீடு ஒதுக்கீடே அல்ல.

அன்றாடப் பதிவு கைபேசியில் உள்ள ஒரு கூகுள் படிவத்தின் வழியாகவே நடக்கிறது: தேதி, டேக், கேலன், தொகை, ஊற்றிய எண்ணெய், ரசீதின் படம். தானியங்கிப் பம்பில், நிலைமின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் தரையிணைப்புக் கவ்வியை மாட்டி, அட்டையைச் செருகி, இரண்டு இறக்கைத் தொட்டிகளிலும் 100எல்எல் என்னும் நீல நிற விமானப் பெட்ரோலை ஒவ்வொரு முறையும் ஒரே மட்டத்துக்கு நிரப்பினால்தான் எரிபொருள் கணக்கு நேராக வரும். அதன்பின் கவ்வியைக் கழற்றுவதற்குள் படிவத்தை முடித்துவிடுகிறேன். பம்ப் தரும் வெப்பத்தாள் ரசீது கோடையில் விமானத்துக்குள் கிடந்தால் சில வாரங்களில் வெள்ளைத்தாளாகிவிடும் என்பதால் படம் எடுப்பதைத் தள்ளிப்போடுவதில்லை.

பணத்துக்காகத் தொடங்கிய இந்தப் பதிவு இன்ஜினின் உடல்நிலையையும் சொல்லும் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை. எண்ணெய்த் தொட்டியின் கொள்ளளவு 8 குவார்ட் (ஒரு குவார்ட் என்பது கால் கேலன்). ஆனால் இந்த இன்ஜினில் 6-க்கு மேல் ஊற்றினால் மிகுதி சுவாசக் குழாய் வழியே வெளியேறி விமானத்தின் வயிற்றில்தான் படிகிறது. அதனால் 6-இல் வைத்துக்கொண்டு, ஒரு குவார்ட் எத்தனை மணி தாங்குகிறது என்று பார்த்துவருகிறேன். ஒரு கோடையில் அந்த எண் 12 மணியிலிருந்து படிப்படியாக 7-க்கு இறங்கியது. ஒவ்வொரு பயணமாகப் பார்த்தால் கண்ணில் பட்டிருக்காது. வரிசையாகப் பார்த்தபோது தெரிந்தது. மெக்கானிக் திறந்து பார்த்ததில் வால்வை இயக்கும் புஷ்ராடு கம்பியின் உறையிலிருந்த ரப்பர் வளையம் காய்ந்து கசிந்துகொண்டிருந்தது. வளையம் சில டாலர்தான், கூலிதான் மீதி.

ஆண்டுச் சோதனைக்கு விரிதாளில் இரண்டு பத்திகள் (நெடுவரிசைகள்) தேவை என்பதை வலியுறுத்திச் சொல்வேன். 12 காலண்டர் மாதத்துக்கு ஒருமுறை, ஐ.ஏ. என்னும் ஆய்வு அதிகாரம் பெற்ற மெக்கானிக் விமானத்தைச் சோதித்துக் கையெழுத்திட வேண்டும் என்பது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வின் விதி. அந்தச் சோதனைக்கான கட்டணம் ஏறக்குறைய நிலையானது; சோதனையில் கண்டுபிடிக்கப்படும் பழுதுகளோ ஓர் ஆண்டு ஒன்றுமிருக்காது, மறு ஆண்டு 4,000 டாலர் கேட்கும். இரண்டையும் ஒரே வரியில் போட்டால் எந்த மெக்கானிக் நியாயமாக வாங்குகிறார் என்பதும் தெரியாது, விமானம் முதுமையடையும் வேகமும் தெரியாது. இருக்கைத் தண்டவாளங்களின் தேய்மானத்தை அளக்கச் சொல்லும், செஸ்னா உரிமையாளர் எல்லோரும் அறிந்த அந்த எஃப்.ஏ.ஏ. ஆணை போன்றவை சோதனைப் பத்தியில் சேரும். தேய்ந்த தண்டவாளத்தை மாற்றுவது பழுதுப் பத்தியில் சேரும். இருக்கைகளைக் கழற்றுவது, சோதனை மூடிகளைத் திறப்பது போன்ற வேலைகளை மெக்கானிக்கின் மேற்பார்வையில் நானே செய்கிறேன். என் உழைப்புக்குக் கணக்கில் விலை போடுவதில்லை. போட்டால் விமானமே வைத்திருக்க முடியாது.

2020 ஜனவரி 1 முதல் எங்கள் வான்வெளியில் கட்டாயமான, விமானத்தின் இருப்பிடத்தைத் தானாக ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி கருவியை 2019-இல் பொருத்திய செலவைப் பத்து ஆண்டுக்குப் பரப்பி எழுதியிருக்கிறேன். காப்பீட்டில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: விமானத்துக்கான காப்பீடு ஒப்புக்கொண்ட மதிப்பின்படி வழங்கப்படுவதால், 2020-க்குப் பின் பழைய செஸ்னாக்களின் சந்தை விலை ஏறியபோது பழைய மதிப்பையே விட்டுவைத்தவர்கள், பழுதுச் செலவு அந்தக் குறைந்த மதிப்பை எளிதில் எட்டிவிடும் என்பதால், சிறு விபத்திலும் விமானத்தையே இழக்கும் நிலையில் இருந்தார்கள். அந்த விலையேற்றத்தை நான் வரவாக எழுதவில்லை. விற்காதவரை அது காகிதம்தான்.

மூன்று பக்கப் பிரிவினைக்கு இன்னொரு பயனும் உண்டு. தனியார் விமானி உரிமம் உள்ளவர், உடன் வருவோரிடம் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் எரிபொருள், எண்ணெய், விமான நிலையக் கட்டணம், வாடகை விமானமாயின் அதன் வாடகை ஆகியவற்றை மட்டுமே பகிரலாம், அவற்றிலும் தம் பங்கைவிடக் குறைவாகக் கொடுக்கக் கூடாது. ஹேங்கரையும் காப்பீட்டையும் இன்ஜின் ஒதுக்கீட்டையும் சேர்த்து ‘மணிக்கு 240, நாலு பேர் இருக்கிறோம், ஆளுக்கு 60’ என்று நண்பர்களிடம் வாங்குவது விதிமீறல். இரண்டாம் பக்கம் தனியாக இருப்பதால் நண்பர்களிடம் கேட்க வேண்டிய தொகையை அப்படியே எடுத்துக் காட்ட முடிகிறது.

ஒரு சகப் பணியாளர் பாதிப் பங்குக்குச் சேர்ந்தபோது மாற்ற வேண்டியிருந்தது ஒரு பத்திதான், யார் பறந்தார் என்பது. முதற்பக்கம் சரிபாதி, இரண்டாம் பக்கம் அவரவர் டேக்கின்படி. மூன்றாம் பக்கத்தைப் பற்றி மட்டும் வாதம் நடந்தது: ஆண்டுக்கணக்கில் தேய்வது இருவருக்கும் பொது, அதற்கு மேல் மணிக்கணக்கில் தேய்வது ஓட்டியவருக்கு என்று முடித்தோம். பங்காளிகளிடையே மனக்கசப்பு வரும் இடம் பெரும்பாலும் அதுதான்.

குறைகளும் உண்டு. சிறிய நிலையங்கள் சிலவற்றில் கைபேசித் தொடர்பு கிடைக்காமல் படிவம் திறப்பதில்லை. அதற்காகவே பறக்கும்போது தொடையில் கட்டிக்கொள்ளும் முழங்கால் பலகையில் ஒரு தாள் இருக்கிறது. பங்காளி ஒருவர் சூத்திரம் உள்ள கட்டத்தில் எண்ணைத் தட்டிவிட்டால் மொத்தமும் புரண்டுவிடும். கட்டங்களைப் பூட்டிவைக்க வேண்டும்.

அடுத்துச் சேர்க்கப் போவது எரிபொருள் வகைக்கான பத்தி. இவ்வட்டாரத்துச் சாண்டா கிளாரா மாவட்டம் தன் ரீட்-ஹில்வியூ, சான் மார்ட்டின் விமான நிலையங்களில் ஈயம் கலந்த 100எல்எல் விற்பனையை 2022 ஜனவரி 1-இல் நிறுத்தியது. கலிபோர்னியா முழுவதிலும் 2031-இலிருந்து விற்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. 80 ஆக்டேன் பெட்ரோலுக்கென்று செய்யப்பட்ட என் இன்ஜினுக்கு ஈயம் தேவையே இல்லை. கீழ் ஸ்பார்க் பிளக்குகளில் சாம்பல் நிற மணிகளாக உருண்டு நிற்கும் ஈயத்தைச் சுரண்டி எடுப்பதே ஒவ்வோர் எண்ணெய் மாற்றத்தோடும் சேர்ந்த வேலையாக இருக்கிறது. ஈயமற்ற பெட்ரோலுக்குக் கேலனுக்குக் கூடுதலாகக் கொடுப்பதை, பிளக்குகளின் ஆயுளும் எண்ணெய் மாற்றும் இடைவெளியும் எவ்வளவு ஈடுகட்டுகின்றன என்பதை ஆண்டுச் சோதனை இரண்டு முறை முடிந்த பிறகு எண்ணாகவே பார்க்க முடியும்.