சோனுலினா, செரோட்டோனினா? ஆட்டிசத் தீவிரமும் இரண்டு இரத்தப் பரிசோதனைகளும்

ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கு மலச்சிக்கலும் வயிற்றுவலியும் சேர்ந்தே இருப்பதால், குடல் சார்ந்த ஏதேனும் ஒன்றை இரத்தத்தில் அளந்து ஆட்டிசத்தின் தீவிரத்தைக் கணிக்க முடியுமா என்று பல ஆய்வுகள் தேடியிருக்கின்றன. அவற்றுள் சோனுலினும் செரோட்டோனினும் அடிக்கடி அடிபடும் பெயர்கள்.

குடற்சுவரின் செல்களுக்கு இடையேயுள்ள இறுக்கமான இணைப்புகளைத் தளர்த்தும் புரதம் சோனுலின். 2017இல் வெளியான துருக்கி ஆய்வொன்றில், ஆட்டிசம் உள்ள 32 பிள்ளைகளிடம் இரத்தத்தில் இதன் அளவு ஆட்டிசம் இல்லாத 33 பிள்ளைகளைவிடக் கூடுதலாக இருந்ததோடு, நடத்தையை 15 தலைப்புகளில் மதிப்பிட்டு ஆட்டிசத் தீவிரத்தைக் காட்டும் கார்ஸ் மதிப்பெண் ஏற ஏற அதுவும் ஏறியது. தீவிரத்தோடு இவ்வளவு நெருங்கிப் பொருந்தியதால்தான் சோனுலினுக்கு மவுசு கூடியது.

சிக்கல் பரிசோதனைக் கிட்டில் இருக்கிறது. சோனுலின் என்பது இரத்தத்திலுள்ள ஹாப்டோகுளோபின் 2 என்ற புரதத்தின் முன்வடிவம் என்று 2009இல் கண்டறிந்தார்கள். ஆகவே ஹாப்டோகுளோபின் 2-ஐ உருவாக்கும் மரபணு வகை இல்லாதவர் உடலில் சோனுலின் உருவாகவே வழியில்லை. ஆனால் பரவலாக விற்பனையான எலிசா கிட் (எதிர்ப்புரதங்களைக் கொண்டு ஒரு புரதத்தைப் பிடித்து அளக்கும் பரிசோதனைத் தொகுப்பு) ஒன்றை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வில், அத்தகையவர்களின் இரத்தத்திலும் அது சோனுலின் இருப்பதாகவே அளவு காட்டியது தெரியவந்தது. அது பிடித்துக்கொண்டிருந்தது வேறு புரதங்களை. எந்தக் கிட் என்று கேட்காமல் சோனுலின் ரிப்போர்ட் எதையும் நம்புவதற்கில்லை.

செரோட்டோனினின் கதை பழையது, உறுதியானதும்கூட. நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள் இது. உடலிலுள்ள செரோட்டோனினில் ஏறக்குறைய 90 சதவீதம் குடலில்தான் உருவாகிறது. இரத்தத்தில் அதைத் தட்டணுக்கள் உள்வாங்கி வைத்துக்கொள்கின்றன. ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இரத்தத்தில் செரோட்டோனின் மிகுந்திருப்பது 1961 முதல் பல நாடுகளில் திரும்பத் திரும்ப உறுதிப்பட்டிருக்கிறது. ஆனால் மிகுந்திருப்பவருக்கு ஆட்டிசம் கடுமையாக இருக்கும் என்ற தொடர்பு ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. சில மனச்சோர்வு மருந்துகளும் இந்த அளவை வெகுவாகக் குறைத்துவிடும்.

அளவின் நம்பகத்தன்மையில் செரோட்டோனினையே முன்னிறுத்துவேன். தீவிரத்தைச் சொல்வதற்கு இரண்டுமே உதவா. பேச்சு வராத பிள்ளை வயிற்றுவலியை அலறியும் தலையை மோதியும் காட்டும்போது நடத்தை மதிப்பெண்ணே உயர்ந்துவிடலாம் என்பதால், குடல் அளவும் மதிப்பெண்ணும் சேர்ந்து ஏறினாலும் எது எதற்குக் காரணம் என்று அதிலிருந்து சொல்லிவிட முடியாது. சோனுலின் பரிசோதனைக்கு வைத்திருக்கும் பணத்தில் குழந்தை மருத்துவரிடம் அந்த மலச்சிக்கலுக்குச் சிகிச்சை பெறலாம்.