வென்ச்சர்ஸா, டிக் டேலா?

பாட்டுக்காரர் இல்லாமல் கிடாரே பாடும் சர்ஃப் (அலைச்சறுக்கு) இசைக்குள் நுழைபவர் முன்னால் இரண்டு வாசல்கள்: வென்ச்சர்ஸ் என்ற குழு, டிக் டேல் என்ற கிடார்க்காரர். இரண்டும் 60களின் அமெரிக்கா. ஆனால் ஒன்று கூட்டாக உழைத்துப் பிழைத்த கதை, இன்னொன்று தனியாளின் பிடிவாதம்.

கடலலையோடு சொந்தம் என்று பார்த்தால் டேல்தான். கலிபோர்னியாவின் பல்போவாவில் பகலில் அலைச்சறுக்கு, இரவில் ரான்டேவூ அரங்கில் வாசிப்பு. இடக்கைக்காரர், வலக்கைக்காரருக்குக் கட்டிய தந்திகளை மாற்றாமல், கிடாரை அப்படியே திருப்பிப் பிடித்தார். மெல்லிய தந்தியே 0.016 அங்குலம். இன்று பலர் போடுவது 0.009 அல்லது 0.010. அந்தக் கனத்தை இடைவிடாமல் மேலும் கீழும் அடித்தால் ஆம்ப்ளிஃபயர் தாங்குமா? தாங்கவில்லை. எரிந்துகொண்டே இருந்தது. கிடார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் அவருக்காகவே பெரிய ஆம்ப்ளிஃபயர் செய்ய வேண்டியதாயிற்று. 1962இல் அவர் வாசித்து வெளியிட்ட ‘மிசர்லூ’ கிழக்கு மத்தியதரைக் கடல் பக்கத்துப் பழைய மெட்டு. டேலின் அப்பா வழி லெபனான் என்பதால், அது அவருக்குச் சொந்த மண் பக்கத்து இசை.

வென்ச்சர்ஸ் பிறந்தது வாஷிங்டன் மாநிலத்து டகோமாவில். டான் வில்சனும் பாப் போகிளும் கட்டட வேலை பார்த்தவர்கள். எந்த இசைத்தட்டுக் கம்பெனியும் சீண்டாததால் வில்சனின் அம்மா ஜோசியே தனி லேபிள் தொடங்கினார். ஜாஸ் கலைஞர் ஜானி ஸ்மித்தின் ‘வாக், டோன்ட் ரன்’னை இவர்கள் வாசித்தார்கள், 1960இல் அது அமெரிக்கப் பாடல் தரவரிசைப் பட்டியலில் 2ஆம் இடம் வரை போனது. அப்போது சர்ஃப் இசை என்ற பேச்சே பரவவில்லை. அதனால் இவர்களைச் சர்ஃப் குழு என்பதில் கறாரான ரசிகர்களுக்கு இன்றும் வருத்தம் உண்டு. எனக்கு இல்லை.

இவர்களிடம் எனக்குப் பிடித்தது ஈகோ இல்லாமை. போகிள் லீட் (மெட்டை வாசிக்கும் கிடார்), நோக்கி எட்வர்ட்ஸ் பேஸ் (அடித்தளம் தரும் கனத்த ஒலிக் கிடார்) என்றுதான் ஆரம்பம். நோக்கி கைதேர்ந்தவர் என்று தெரிந்ததும் இடம் மாற்றிக்கொண்டார்கள். மேடையில் ‘கேரவன்’ என்ற மெட்டு வரும்போது டிரம்மர் மெல் டெய்லர் எழுந்து போய், பேஸ் கிடாரின் தந்திகளையே குச்சியால் தட்டுவார். போகிள் அசராமல் விரலை நகர்த்திக்கொண்டிருப்பார்.

சோதனை 1964இல் வந்தது, பீட்டில்ஸ் அலையோடு. டேல் ஓரங்கட்டப்பட்டார், 1994இல் ‘பல்ப் ஃபிக்‌ஷன்’ படத்தின் தொடக்கத்தில் ‘மிசர்லூ’ ஒலித்த பிறகுதான் புதிய தலைமுறை அவரைத் தேடி வந்தது. வென்ச்சர்ஸ் கிடைத்ததையெல்லாம் வாசித்தார்கள். 1965இல் கிடார் கற்றுத்தரும் இசைத்தட்டுகூடப் போட்டார்கள். 1969இல் ‘ஹவாய் ஃபைவ்-ஓ’ 4ஆம் இடம் பிடித்தது. அப்புறம் ஜப்பான்! 1965 சுற்றுப்பயணத்தில் அங்கே எலெக்ட்ரிக் கிடார் மோகம் தீயாய்ப் பரவியது. அதன்பின் பல பத்தாண்டுகள் அதுவே அவர்களுக்குத் தாய்வீடு. ஆனால் எதையும் வாசிப்போம் என்ற அந்தக் குணத்தால் சுமாரான ஆல்பங்களும் ஏராளம்.

கிடார் பழகுகிறீர்களா? வென்ச்சர்ஸிடம் போங்கள், மெட்டு தெளிவு, வேகம் கைக்கு எட்டும். டேலைப் பின்பற்றினால் முதலில் விரல்தான் தேயும். வெறுமனே கேட்கத்தான் என்றால் என் ஓட்டு டேலுக்கு. 1962இல் வந்த ‘சர்ஃபர்ஸ் சாய்ஸ்’ ஆல்பத்தில் தொடங்குங்கள், சத்தத்தைக் கூட்டி வைத்து.