ப்யூரா, லிட்டா, டெக்கா? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், பத்தாம் வகுப்பில் எந்தெந்தப் பாடம் எடுப்பது என்று நிரப்பும் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவரும் நாட்களில், அந்நகரின் சாட்ஸ்வர்த் பகுதியில் நான் நடத்தும் சனிக்கிழமைக் கணக்கு வகுப்பின் வாசலில் பெற்றோர் கூட்டம் நிற்கும். போன ஆண்டு ஒரு பாட்டி பேரனைக் கையோடு கூட்டி வந்திருந்தார். நல்ல தமிழ் பேசுகிறவர். "தம்பி, இவன் லிட் எடுத்தா பெரிய படிப்பு கிடைக்காதுன்னு ஒருத்தர் சொல்றாங்க. ப்யூர் எடுத்தா ஃபெயிலாயிடுவான்னு பள்ளிக்கூடத்துல சொல்றாங்க. நான் யார் பேச்சைக் கேக்கறது?" என்றார். பையனின் கணக்கு மதிப்பெண் 47. இந்த 47தான் சிக்கலான எண். 75 வாங்கும் பிள்ளைக்கும் 20 வாங்கும் பிள்ளைக்கும் யாரும் வழி கேட்டு வருவதில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடிவில் எழுதும் மெட்ரிக் தேர்வில் ஏழு பாடம். அதில் ஏதாவது ஒரு கணக்குப் பாடம் கட்டாயம் இருக்க வேண்டும். மூன்று உண்டு: ப்யூர் மேத்ஸ் என்று எல்லாரும் சொல்கிற கணிதம், மேத்ஸ் லிட் என்கிற கணித எழுத்தறிவு, டெக் மேத்ஸ் என்கிற தொழில்நுட்பக் கணிதம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை எடுத்துப் போட வேண்டியிருக்கிறது. இன்றைய பெற்றோர் பலர் பழைய முறையில் படித்தவர்கள். அப்போது ஹயர் கிரேடு, ஸ்டாண்டர்டு கிரேடு என்று இருந்தது. ஒன்பதாம் வகுப்போடு கணக்கையே விட்டுவிடவும் முடிந்தது. புதிய முறை 2006இல் பத்தாம் வகுப்பில் தொடங்கி, அதில் படித்தவர்கள் 2008இல் முதல் மெட்ரிக் எழுதினார்கள். லிட் என்றால் அந்தப் பழைய ஸ்டாண்டர்டு கிரேடுதான் என்று பெற்றோர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. ஸ்டாண்டர்டு கிரேடு அதே கணிதத்தின் எளிய வடிவம். லிட் அன்றாட வாழ்க்கைக் கணக்குக்கான வேறு பாடம். அதனால் லிட்டில் 80 வாங்குகிற பிள்ளை ப்யூரில் 50 வாங்கும் என்று கணக்குப் போடுவதில் பொருளே இல்லை.

ப்யூரில் இரண்டு தாள்கள், ஒவ்வொன்றும் 150 மதிப்பெண், மூன்று மணி நேரம். முதல் தாளில் சார்புகளும் வரைபடங்களும் ஏறக்குறைய 35, வகைநுண்கணிதம் ஏறக்குறைய 35. இரண்டும் சேர்ந்தால் தாளில் பாதிக்குப் பக்கம். இரண்டுக்கும் அடித்தளம் இயற்கணிதம்தான். காரணிப்படுத்தத் தடுமாறுகிற பிள்ளை வடிவியலில் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் இந்த 70இல் அடி வாங்கும். அதே சமயம் பயந்து ஓடவும் தேவையில்லை. வினாத்தாளைப் பாடத்திட்டமே நான்கு படியாகப் பிரித்திருக்கிறது: நேரடி அறிவு 20 விழுக்காடு, வழக்கமான செய்முறை 35, சிக்கலான செய்முறை 30, புதிதாக யோசிக்க வேண்டியது 15. முதல் இரண்டையும் கூட்டினால் 55. பழைய வினாத்தாள்களை விடாமல் போட்டுப் பழகுகிற, சராசரி அறிவுள்ள, உழைக்கிற பிள்ளைக்கு 50ஐத் தொடுவது எட்டாக்கனி இல்லை. 80ஐத் தாண்டத்தான் அந்தக் கடைசி 15 வேண்டும்.

லிட் இலேசு என்று சொல்கிறவர்கள் அதன் தாளைக் கையில் எடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். சம்பளச் சீட்டு, வேலையிழப்புக் காப்பீட்டுப் பிடித்தம், 15 விழுக்காடு வாட், வீட்டு வரைபடம், அளவுகோல் கொடுத்த நிலவரைபடம், வங்கிக் கடன் என்று கேள்விகள் வருகின்றன. மாதம் 12,000 ராண்ட் சம்பளத்தில் ஒரு விழுக்காடு பிடித்தால் 120 ராண்ட். அந்த வரியை எல்லாரும் போட்டுவிடுவார்கள். ஆனால் படிக்கட்டுபோல் ஏறும் தண்ணீர்க் கட்டண அட்டவணையைக் கொடுத்து, ஒரு வீடு 27 கிலோலிட்டர் செலவழித்தால் பில் எவ்வளவு, இந்தக் குடும்பம் சொல்வது நியாயமா, காரணம் எழுது என்று கேட்டால் நிறைய பிள்ளைகள் 27 முழுவதையும் மேல்படி விலையால் பெருக்கிவிடுகிறார்கள். பத்தி பத்தியாக ஆங்கிலம் படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய பாடம் இது. வாசிப்பில் பின்தங்கிய பிள்ளையை "கணக்கு வரவில்லை" என்று லிட்டில் போடுவது, காலில் அடிபட்டவனைப் படியேறச் சொல்வதுபோலத்தான்.

இருந்தும், பிடித்துப் படிக்கிற பிள்ளைக்கு லிட் மிக நல்ல பாடம். வீட்டுக் கடன் ஒப்பந்தத்தைப் படித்து மொத்த வட்டி எவ்வளவு என்று அப்பாவிடம் சொன்ன ஒரு மாணவியை எனக்குத் தெரியும். அந்த வீட்டில் அதுவரை யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

மூன்றாவது பாடத்தைப் பற்றி நம் வீடுகளில் பேச்சே எழுவதில்லை. அது எனக்கு உண்மையாகவே வருத்தம். டெக் மேத்ஸ் 2016இல் பத்தாம் வகுப்பில் வந்து, 2018இல் முதல் மெட்ரிக் கண்டது. மின், கட்டுமான, இயந்திரத் தொழில்நுட்பப் பாடங்களோடு சேர்ந்து வரும். ப்யூரைவிடக் குறைந்த சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். கலப்பெண்கள் இதில் உண்டு, தொகையீடு உண்டு. இரண்டும் பள்ளி ப்யூரில் கிடையாது. சுழலும் சக்கரத்தின் கோண வேகம் உண்டு. புள்ளியியல் இல்லை. மெரிபேங்க் பக்கம் சுத்திகரிப்பு ஆலைகளின் நிழலில் வளர்ந்து, தாய்மாமன் வெல்டிங் செய்வதைப் பார்த்துக் கை துறுதுறுக்கிற பிள்ளைக்கு இதுதான் சரியான பாடம். குறை ஒன்றுண்டு: எல்லாப் பள்ளியிலும் கிடைக்காது. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டியிருக்கலாம். பட்டப் படிப்புகளில் எது இதை ஏற்கிறது என்று ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளவும் வேண்டும்.

எந்தப் பாடம் எந்த மேல்படிப்புக் கதவைத் திறக்கும் என்பது சுருக்கமாக. பொறியியல், மருத்துவம், கணக்காயர் படிப்பு, கணினி அறிவியல் என்றால் பெரும்பாலும் ப்யூர்தான் வேண்டும், அதுவும் நல்ல மதிப்பெண்ணோடு. லிட்டில் 90 இருந்தாலும் அங்கே உதவாது. சட்டம், சமூகப்பணி, இதழியல், சிறு வகுப்பு ஆசிரியர் பயிற்சி போன்றவற்றுக்கு லிட்டை ஏற்கிற பல்கலைக்கழகங்கள் உண்டு. பட்டப்படிப்புக்குத் தகுதி பெற நான்கு பாடங்களில் 50 வேண்டும். லிட்டில் வாங்கிய 50ம் அந்தக் கணக்கில் சேரும். ஆக, ப்யூரில் 32 வாங்கி மற்றப் பாடங்களின் நேரத்தையும் தின்றுவிட்ட பிள்ளையைவிட, லிட்டில் 75 வாங்கிய பிள்ளைக்கு அதிகக் கதவுகள் திறந்திருக்கும். இதைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும். சொல்லித்தான் ஆக வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. தேர்ச்சி விகிதம் கெட்டுவிடக்கூடாது என்பதற்காக நடுத்தரப் பிள்ளைகளை மொத்தமாக லிட் பக்கம் தள்ளுகிற பள்ளியை நான் பார்த்திருக்கிறேன். 52 வாங்கிய பெண்ணுக்குக்கூட "உனக்கு லிட்தான்" என்று எழுதிக் கொடுத்தார்கள். வகுப்பாசிரியர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் காரணத்தைக் கேளுங்கள். எந்தப் பகுதியில் மதிப்பெண் போகிறது என்று பிள்ளையின் தாளை வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

நான் என்ன செய்கிறேன் என்றால், மதிப்பெண்ணை ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு கணக்கு கொடுக்கிறேன்: (அ − 3)(அ + 2) = 6. அ என்ன? பாட்டியின் பேரனும் மற்றவர்களைப் போலத்தான் எழுதினான். அ − 3 = 6, ஆகவே 9. அ + 2 = 6, ஆகவே 4. சரி, இரண்டையும் திரும்பப் போட்டுப் பார் என்றேன். 9ஐப் போட்டால் 6ஐ 11ஆல் பெருக்கி 66 வந்தது. 4ஐப் போட்டால் 1ஐ 6ஆல் பெருக்கிச் சரியாக 6 வந்தது. இந்த இடத்தில்தான் பிள்ளைகள் பிரிகிறார்கள். சிலர் "அப்போ 4 தான் விடை" என்று பேனாவை மூடிவிடுவார்கள். இவன் மூடவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒரே வழியிலதானே ரெண்டும் பண்ணேன், ஒண்ணு மட்டும் எப்படி சரியா வந்துச்சு?" என்றான். வலப்பக்கம் பூஜ்யமாக இருந்தால்தான் அந்த வழி செல்லும் என்று காட்டினேன். பெருக்கி விரித்து, 6ஐ இந்தப் பக்கம் கொண்டுவந்து, 4ம் −3ம் என்று அவனே முடித்தான். அந்தக் கேள்வி எந்த 47ஐயும்விட எனக்குப் பெரிது. ப்யூர் எடுக்கச் சொன்னேன்.

மாறுவது பற்றியும் பாட்டியிடம் சொல்லி வைத்தேன். ப்யூரிலிருந்து லிட்டுக்கு இறங்குவது எளிது. லிட்டிலிருந்து ப்யூருக்கு ஏறுவது, விட்டுப்போன பாடத்தை எல்லாம் பிடிக்க வேண்டியிருப்பதால், நடைமுறையில் மிகக் கடினம். ஐயம் இருந்தால் ப்யூரில் தொடங்குங்கள் என்பது இதனால்தான். ஆனால் இறங்குவதென்றால் பத்தாம் வகுப்பிலேயே இறங்கிவிட வேண்டும். பதினோராம் வகுப்பு முடிவு வரை இழுத்து, "நான் மக்கு" என்று பிள்ளை நம்பத் தொடங்கிய பிறகு லிட்டுக்கு அனுப்பினால் அங்கேயும் படிக்காது.

டிசம்பர் விடுமுறையில் அவனுக்கு நாளுக்குப் பத்துக் காரணிப்படுத்தல் கொடுத்தேன். பின்னத்தில்தான் ஓட்டை இருந்தது, அதை முதலில் அடைத்தோம். பத்தாம் வகுப்பு முதல் பருவத்தில் 38. பாட்டி கலங்கிப்போனார். ஜூன் தேர்வில் 51. தாளை வாங்கிக் கூட்டல் சரியா என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டு மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். செப்டம்பர் வரை சனிக்கிழமை காலை எட்டு மணி வகுப்பு அவனுக்கு உண்டு, முக்கோணவியல் இன்னும் ஆடுகிறது.