வாய்வு என்று போன அரை மணி நேரம்

இலங்கையில் 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் வரும் அம்புலன்ஸ் வந்த வேகத்தைப் புகழ்ந்து எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன் வீட்டுக்குள் போன நேரத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம், இரவுச் சாப்பாடு முடிந்த நேரம். மாமாவுக்கு நெஞ்சை அடைக்கிறது, இடது கை உளைகிறது, சேட்டெல்லாம் வியர்வை. “வாய்வுதான் மனே, முந்தியும் இப்படித்தான் வந்த” என்று மாமி இஞ்சி இடிக்கப் போய்விட்டார். பக்கத்து வீட்டு அண்ணன் சோடாவோடு வந்தார். இன்னொருவர் ஓட்டோ பிடிப்போம் என்றார், மறுகா ஓட்டோக்காரன் தண்ணியில் கிடக்கிறான் என்றார். நான் போனை எடுத்தால், “அம்புலன்ஸ் வந்தா ஊரே கூடிரும், கொஞ்சம் பொறு” என்கிறார்கள். நெஞ்சு நோவிலும் மானம் பார்க்கிற சனம்!

கடைசியில் யாரையும் கேட்காமல் அடித்தேன். தமிழிலேயே பேசினார்கள். ஒழுங்கைக்குப் பெயரில்லை என்றதும் கோயிலைக் கேட்டு வழி பிடித்துக்கொண்டார்கள். இருபது நிமிடம் ஆவதற்குள் வண்டி வாசலில். வந்த தம்பி பிரஷர் பார்த்தார், ஒவ்வாமை உண்டா என்று விசாரித்து அஸ்பிரின் குளிசையை மென்று விழுங்கச் சொல்லிக் கொடுத்தார். ஒரு சதம் வாங்கவில்லை.

இந்தச் சேவை 2016 இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில்தான் முதலில் ஓடியது. எங்கள் பக்கம் வந்தது பிறகுதான். நான் வளர்ந்த காலத்தில், வாவிக்கு மேற்கே உள்ள எங்கள் படுவான்கரையில் இரவில் வருத்தம் வந்தால் மண்முனைத் துறையடிதான், வாவியைக் கடக்கிற ‘பாதை’ எனும் மிதவையை ஓட்டுபவரைத் தட்டி எழுப்ப வேண்டும். 2014 இல் பாலம் திறந்ததால் அன்றிரவு வாவியைத் தாண்டியதே தெரியவில்லை.

நான் இருக்கும் இங்கிலாந்தில் நெஞ்சு நோவு இரண்டாம் வகை அழைப்பு. சராசரியாக 18 நிமிடத்தில் வண்டி சேர வேண்டும் என்பது இலக்கு. அது எட்டாமல் 2023 இல் தற்காலிகமாக 30 நிமிடம் என்று தளர்த்தினார்கள். என் மாமியார் அங்கே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது, வண்டி வர விடிந்துவிட்டது. அதனால் இங்கே வந்த வேகம் எனக்குப் பெரிதாகவே பட்டது.

ஆனால் 18 ஆகட்டும், 30 ஆகட்டும், அந்தக் கணக்கு நாம் போன் எடுத்த பிறகுதான் தொடங்குகிறது. அடைபட்ட இதயத்துக்கு நோவு தொடங்கிய நிமிடத்திலிருந்தே கணக்கு. இஞ்சிக்கும் சோடாவுக்கும் போன அரை மணி நேரம் எந்த நாட்டு அறிக்கையிலும் பதிவாகாது. அங்கே வண்டிக்குக் காத்திருந்து சலித்தவன் நான். இங்கே வண்டி தயாராக நிற்க, கூப்பிட விடாமல் சொந்தக்காரர் மறித்தால் யாரிடம் போய் முறையிடுவது?

மாமா வீட்டுக்கு வந்துவிட்டார், குளிசையோடு நடமாடுகிறார். அம்புலன்ஸுக்கு அடிக்கச் சொன்னதே தான்தான் என்று சோடா அண்ணன் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாராம்.